என் புருஷனின் பாஸ்வேர்டு

ராயபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவளுக்குக் கோபம் வரக்கூடாது என்றால் அவள் மாதாவாகத்தான் இருக்க வேண்டும். நான் மாதா இல்லை. கடற்காற்றில் மதர்போர்டு பச்சை பூத்திருக்கும், எண்ணூர்ப் பக்கத்துக் கரித்தூள் உள்ளே ஃபேனில் களியாக அப்பியிருக்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் மட்டும் கூசாமல் சொல்வார்: "நேத்து வரிக்கும் சோக்கா ஓடிகினு இர்ந்துச்சுக்கா." அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் கூலியில் பாதி குறையும் என்று ஒரு நம்பிக்கை.

அதிலும் பாஸ்வேர்டு விஷயத்தில் என் வாய் தெரு முழுக்கப் பிரசித்தம். இன்டர்நெட்டில் ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொருவர் நேரடியாக ஃபைல் எடுத்துக்கொள்ளும் மென்பொருள்கள் வந்த புதிது. காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் ஒருவர், பாட்டு இருக்கும் ஃபோல்டரை மட்டும் பகிர்வதாக நினைத்துக்கொண்டு, டி டிரைவ் மொத்தத்தையும் திறந்துவிட்டிருந்தார். ரேஷன் கார்டு நகல், மச்சினிச்சி கல்யாண ஆல்பம், எல்லாவற்றையும் எந்த ஊர்க்காரன் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். "வீட்டுக் கதவைக் கழட்டி ரோட்டுல சாய்ச்சு வைப்பீங்களா சார்?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையே எட்டிப் பார்த்தது. பாஸ்வேர்டு என்னவென்று கேட்டால், மகள் பெயராம். அன்று ஆரம்பித்த பிரசங்கம் இன்றும் ஓயவில்லை. பொண்டாட்டி பெயர் கூடாது, பிள்ளை பெயர் கூடாது, வண்டி நம்பர் கூடாது. எந்தக் காகிதத்திலும் இல்லாத, நெட்டில் தலைகீழாக நின்று தேடினாலும் கிடைக்காத, ஊரில் ஒருத்தனுக்கும் தெரியாத ஒன்றை வையுங்கள்.

இதை ஒழுங்காகக் கேட்டுக்கொண்ட ஒரே ஆள் என் புருஷன்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவர் கன்டெய்னர் யார்டில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறார். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேயேதான். நான் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். நான் 'இருக்கு' என்றால் அவர் 'கீது' என்பார். திருத்தப் போனால், "இன்னாம்மே, ரயில்வேல தமிழுக்கும் டிக்கெட் குட்க்கறாங்களா?" என்று சிரிப்பார். கல்யாணமான புதிதில் எங்கள் சண்டையில் பாதி இதற்காகத்தான்.

கம்ப்யூட்டர் பைத்தியம் என்னிடமிருந்து அவருக்குத் தொற்றியது. டோரண்டில் படம் இறக்குவார். ஆளாளுக்குத் துண்டு துண்டாகக் கொடுத்து வாங்கும் ஏற்பாடு அது. மற்றவர்கள் தங்கள் படம் வந்து சேர்ந்ததும் மூடிவிட்டுப் போவார்கள். இவர் மாட்டார். ஷிஃப்ட்டுக்குப் போகும்போதும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் பில்லை மூஞ்சிக்கு நேரே ஆட்டிக் கத்துவேன். "எங்கியோ ஒர்த்தன் பாதி படத்தோட நின்னுகினு கீறான்மே. நாம மட்டும் எட்துகினு கட் பண்ட்டா அவன் இன்னா பண்ணுவான்? அது கலீஜு" என்பார்.

காயினும், இன்டர்நெட்டில் மட்டுமே புழங்கும் அந்தக் காசும், அப்படி வந்ததுதான். பெரிய காயினின் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாத காலத்தில், அதைப் பார்த்து முளைத்த ஒரு குட்டிக் காயின். அதற்கு ஒரு மென்பொருள் உண்டு. அதைத் திறந்தால், உலகத்தில் அதே மென்பொருளை ஓட்டுகிற மற்ற கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடித்துப் பேசும். எங்களுடையது பேசாது. நெட்வொர்க் போர்ட் திறந்து பார்த்தேன், ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி உப்புக்காற்றில் செத்து, கடிகாரம் பல வருஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. நேரம் தப்பினால் மற்றதெல்லாம் நம்மை மதிக்காது. பேட்டரியை மாற்றினேன். பிறகு, காயின் இருக்கும் வாலட் ஃபைலை ஒரு பூட்டுப் பெட்டி மென்பொருளுக்குள் வைத்துக் கொடுத்தேன். "பாஸ்வேர்டை நீயே போட்டுக்கோ. என்கிட்டகூட சொல்லாத" என்று நானே திரும்பி நின்றேன். அதன்பிறகு தினமும் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன் சட்டை போட்டுக்கொண்டே அந்தப் பெட்டியைத் திறப்பார். விலை பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் மதர்போர்டு எரிந்தது, மெஷின் பரணுக்குப் போனது, கையில் ஃபோன் வந்துவிட்டது.

போன வருஷம் யார்டில் யாரோ, பழைய காயினுக்கெல்லாம் இப்போது மவுசு என்று கிளப்பிவிட்டார்கள். பரணிலிருந்து அந்த மெஷினை இறக்கிக் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். ஹார்ட் டிஸ்க் டக்டக்கென்று அடித்துக்கொண்டது, சாகப்போகும் சத்தம். கெஞ்சிக் கூத்தாடி அதிலிருந்ததை வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன். திரையில் பாஸ்வேர்டு கேட்டது.

"திரும்பிக்கோம்மே" என்றார்.

திரும்பினேன். தப்பு. மறுபடி அடித்தார். தப்பு. ஒரு வாரம் இதே கதை. நான் சுவரைப் பார்த்து நிற்பேன், அவர் அடிப்பார், பெருமூச்சு விடுவார். ஆனால் எனக்குக் காது இருக்கிறதே. ஸ்பேஸ் கட்டையின் சத்தம் தனி. இரண்டு ஸ்பேஸ், அப்படியானால் மூன்று வார்த்தை. முதல் இரண்டும் மளமளவென்று போகும். மூன்றாவதில் கை தடுமாறும்.

"கடைசி வார்த்தைலதான் மாட்டிக்கிற" என்றேன் சுவரைப் பார்த்தபடியே.

கீபோர்டுச் சத்தம் நின்றது. பிறகு மெதுவாக, "பாத்தியா?" என்றார்.

"பார்க்கல. கேட்டேன். தமிழா?"

"ஆமா. நம்ம தமிழு."

விளங்கிவிட்டது. நம்ம தமிழுக்கு இங்கிலீஷ் எழுத்தில் ஏது ஸ்பெல்லிங்? அப்போது வாயில் வந்தபடி அடித்திருப்பார். ஃபோன் வந்தபின் விரல் வேறு பழக்கத்துக்குப் போய்விட்டது. "அந்த வார்த்தையைச் சொல்லு. எத்தனை விதமா எழுதலாமோ அத்தனையும் போட்டுத் திறந்து தரேன். இது என் வேலை" என்றேன்.

"வோணாம். போனா போவுது, வுடு."

இத்தனை நாள் தூக்கிச் சுமந்த பெட்டியை, ஒரு வார்த்தை சொல்ல மனமில்லாமல் விட்டுவிடுகிறாராம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருப்பது ஒரே அறை. அவர் இருமினால் எந்தப் பக்கம் நெஞ்சு வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் என்னிடம் மறைக்க இவருக்கு என்ன இருக்கிறது? காயின் போனால் மயிரே போச்சு என்றிருந்தது. அந்த மூன்று வார்த்தைதான் எனக்கு வேண்டும்.

"எவ அவ?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது. எழுந்து ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் வீட்டில் சோறு போட்டேன், சாப்பிட்டார், பேச்சில்லை. நான் கஸ்டமர்களைக் கிழித்தெடுத்தேன். உள்ளுக்குள் அழுகையாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நீதானம்மே சொன்ன? வேற யாருக்கும் தெர்யாததா வையின்னு."

"சொன்னேன். அதுக்கு, எனக்குமா தெரியக்கூடாது?"

"உன்கு தெர்யும்," என்றார். "அதாம்மே சொல்லல."

சொல்லிவிட்டு மேஜைமேல் இரண்டு விரலால் தட்டினார். டொக், டொக். கதவைத் தட்டுவதுபோல.

அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குக் கேட்டுவிட்டது.

இந்தக் காயினுக்கெல்லாம் முன்னால், எங்கள் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, தினமும் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன், சட்டை போட்டுக்கொண்டே என் வயிற்றில் அப்படி இரண்டு விரலால் தட்டுவார். "இன்னா மாமு, கீறியா?" என்பார். குழந்தையிடம் பேசுகிற பேச்சா இது, மாமுவாம், இருக்கியா என்று கேட்டால் வாய் கோணிக்கொள்ளுமா என்று நான் கத்துவேன். உள்ளேயிருந்து ஒரு உதை வரும். "பாத்தியா, அவனுக்குப் புரியுது. உன்குதான் புரியல" என்று சொல்லிவிட்டுப் போவார். ஏழாம் மாதத்தில் ஒருநாள் தட்டிக் கேட்டார், உதை வரவில்லை. "தூங்கறான் போலக்கீது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் முடிந்துபோனது. பெயர் வைக்கவில்லை, ஞானஸ்நானம் கிடையாது. பிறகு மகள் உண்டானபோது அவர் என் வயிற்றைத் தட்டவே இல்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பேச்சையே நாங்கள் இருவரும் எடுத்ததில்லை.

ஸ்டூலை இழுத்துக் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தேன். எல்லா ஸ்பெல்லிங்கையும் போட்டுப் பார்க்க நான்கு வரி புரோகிராம் போதும். எழுதவில்லை. கையாலேயே அடித்தேன். ஒவ்வொரு தடவையும் மூன்று வார்த்தையையும் முழுசாக அடிக்க வேண்டும். கீறியாவுக்கு முதலெழுத்து எதைப் போடுவது, நெடிலை எப்படி நீட்டுவது, ற-வை என்ன செய்வது. தப்பு, தப்பு, தப்பு. அவர் பக்கத்தில் நின்றார். இந்த முறை யாரும் திரும்பி நிற்கவில்லை. எனக்குத் திரை கலங்கலாகத்தான் தெரிந்தது.

திறந்தது. எந்த ஸ்பெல்லிங் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

வாலட் மென்பொருளை ஓட்டினேன். மற்ற கம்ப்யூட்டர்களைத் தேடத் தொடங்கியது. தேடியது, தேடியது. கடிகாரம் சரி, போர்ட் சரி, நெட் சரி. பதில் சொல்ல ஒருத்தரும் இல்லை. அந்தக் காயினை இப்போது எந்த ஊரிலும் யாரும் ஓட்டவில்லை. யார்டில் விட்டது சுத்தமான பீலா.

"ஒர்த்தன்கூட இல்லியா?" என்றார்.

"இல்லய்யா. செத்துப்போச்சு. அணைக்கவா?"

"வோணாம். கொஞ்ச நேரம் ஓடட்டும்."

ஷட்டருக்கு வெளியே ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தினமும் ஷிஃப்ட்டுக்கு முன்னாடி உட்கார்ந்து இதை அடிச்சியே. இந்தக் காயின் விலையைப் பார்க்கவா?"

"விலையா? அத்த யாரு பாத்தா" என்றார். "கேட்டுட்டுப் போவேன்மே. அவ்ளோதான்."