காணாமல் போன மூன்று கிரகங்கள்

கல்யாண ஸ்டுடியோவில் பதினைந்து வருடம் பருக்களை அழித்துப் பழகிய கை அது. பெற்ற தாயே அடையாளம் தெரியாமல் விழிக்கும் அளவுக்கு முகங்களை வழவழப்பாக்கிவிடும். விண்கலப் படங்களில் விழும் கீறல்களைச் சரிசெய்யும் வேலைக்கு வந்த பிறகும் ஸ்டுடியோ அக்காவின் கை சும்மா இருக்கவில்லை.

அன்று நிலா சூரியனை முழுதாக மறைத்த நேரத்தில் விண்கலம் எடுத்த படம் வந்தது. கரிய வட்டம், சுற்றிலும் வெள்ளி ஒளி, பக்கத்தில் மூன்று புள்ளிகள்.

"இங்கயும் பருவா?" என்று சலித்துக்கொண்டே மூன்றையும் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தால், மேலதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"புதன், செவ்வாய், சனி... மூணையும் எங்கம்மா காணோம்?"

"அய்யய்யோ, அதெல்லாம் கிரகமா சார்?"

நல்லவேளை, மூலப்படம் பத்திரமாக இருந்தது. ஐந்தே நிமிடத்தில் மூன்றும் வானத்துக்குத் திரும்பின.

வீட்டில் இதைச் சொன்னதும் கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, சுவரில் அவள் கைவண்ணத்தில் மின்னிய கல்யாணப் படத்தைக் காட்டினான்.

"அவங்களுக்கு மட்டும் மூணையும் திருப்பிக் கொடுத்துட்ட. என் கன்னத்து மச்சத்த எப்போ தருவ?"