அக்காவின் முந்தானையும் ஒரு பிளாஸ்டிக் குடமும்

தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் சிக்கி நின்றபோது பொம்மிடியிலிருந்து போன் வந்தது. "தனலட்சுமி அக்கா போயிட்டாங்க." சுற்றிலும் ஹாரன் சத்தம். எனக்கு வந்தது முதலில் அழுகை அல்ல, கோபம். போட்டிக்கு முன்னால் போவதாவது!

அக்காவை அறிந்தவர்களுக்கு அணைக்கரையில் அவர் நடத்திய இறகுத் தூண்டில் போட்டியும் தெரியும். புழு, மாவு எதுவும் கூடாது. கோழி இறகைப் பூச்சிபோலக் கட்டிய கொக்கி மட்டும்தான். கரையில் யாருக்கு எந்த இடம் என்று சீட்டுக் குலுக்குவார். ஒருவர் வீசினால் இன்னொரு போட்டியாளர் பக்கத்தில் நின்று கண்காணிப்பார். பிடித்த மீனை ஈரப் பலகையில் வைத்து நீளம் அளந்து உடனே தண்ணீரில் விட வேண்டும். செத்த மீனுக்குப் புள்ளி இல்லை.

கொக்கி முனையில் பின்னோக்கி இருக்கும் சின்ன முள்ளைக் குறடால் அமுக்கியிருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்து நம்புகிறவர் அல்ல அக்கா. கொக்கியை வாங்கித் தன் முந்தானையில் குத்தி இழுப்பார். நூலைப் பிடித்தால் போச்சு. "என் சேலையவே வுட மாட்டேங்குது, மீன எங்க வுடும்? போயி அமுக்கிட்டு வாங்க."

ஒரு வருடம் கோப்பை வழங்கிய பிரமுகரே பெரிய கெண்டையைப் பிடித்தார். கரையில் நின்று விதவிதமாகப் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு விட்ட மீன் வயிறு மேலாக மிதந்தது.

"புள்ளி இல்லைங்க" என்றார் அக்கா.

"கோப்பையே நான் குடுத்ததுங்க."

"அப்ப அதையும் காருல ஏத்திக்குங்க. மீனுதான் செத்துச்சு, போட்டி சாகல."

அவரும் அதை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வென்றவருக்கு அக்கா, குடிதண்ணீர் கொண்டுவந்த பச்சை பிளாஸ்டிக் குடத்தைக் கொடுத்தார். அவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட, மிச்சத் தண்ணீர் அவர்மேலேயே கொட்டியது. அன்றிலிருந்து குடம்தான் பரிசு.

சாவு வீட்டுப் பந்தலிலேயே ஒருவர் ஆரம்பித்தார். அந்தப் பிரமுகர் திரும்ப வரத் தயாராம். மீனை எடை போட்டு அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமாம். "அக்காதான் இல்லையே, இனி யாரு கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பேன்" என்றேன். பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

அக்காவின் மகளிடம் அந்தப் போட்டிச் சேலையைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். முந்தானை முழுக்க இழை இழுத்துக் கிடக்கிறது. இந்த வருடமும் சீட்டுக் குலுக்குவோம், குடம் கொடுப்போம். கோப்பையோடு வருகிறவரும் வரலாம். ஆனால் முதலில் கொக்கியை இந்தச் சேலையில் குத்தி இழுத்துக் காட்டட்டும்.