சிவப்பு நூல் கட்டிய துப்பாக்கி

"பார்த்தேன் பார்த்தேன்னு சொல்றியே, என்னத்தைப் பார்த்த?" என்று சில்வி காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஏலக்காய் ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன் கிழவன் நடுரோட்டுல தபால்காரி ஜோவனோட பிக்கப் வண்டியை மறிச்சதைப் பார்த்தேன்," என்றாள் நார்மா. "துப்பாக்கியை வாங்கிக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம நடந்ததையும் பார்த்தேன். பரிசாக் குடுத்து எட்டு நாள்தான் ஆச்சு. மனசு வரலடி அந்த ஆளுக்கு."

"மூச்சு வாங்குற மனுஷன் எப்படிடி பேசுவாரு? மறுநாள் கொண்டுபோய்க் குடுத்தாரே, அதை யாரும் பார்க்கலையாக்கும்."

பார்க்கவில்லைதான். ஊர் என்றால் வாங்குவதைப் பார்க்கும், கொடுப்பதைப் பார்க்காது. சில்வியின் கணவர் ஆர்விட் நீமெலாவைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்ளலாம். கஞ்சன் என்று மட்டும் சொல்லக்கூடாது.

நாற்பத்தொரு குளிர்காலம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர் அவர். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் கொட்டகைக் கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்தபின் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். துப்பாக்கியைக் கையில் எடுத்தால் கேட்கவே வேண்டாம். ஒரு நிமிடம் முன்பு அவரே கீழே வைத்த துப்பாக்கியாக இருந்தாலும், திறந்து, தோட்டா அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. "கண்ணு பொய் சொல்லும், விரல் சொல்லாது" என்பார். அவருடைய வலது சுண்டுவிரலில் எண்ணெய்க் கறை போனதே இல்லை.

அவர் மனம் பறிகொடுத்தது, குழலுக்கு அடியிலுள்ள முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பழைய பம்ப் துப்பாக்கிகளிடம். எல்லாவற்றிடமும் அல்ல, எடை குறைந்தவற்றிடம் மட்டும். மீன் நிறுக்கும் தராசைச் சமையலறை வாசற்காலில் தொங்கவிட்டு, துப்பாக்கியைக் கயிற்றில் மாட்டி முள் நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். "ஆறு பவுண்டுக்கு ரெண்டு அவுன்ஸ் கம்மி. சில்வி, நம்ம பூனை இதை விடக் கனம்" என்று சமையலறை முழுக்கக் கேட்கும்படி சொல்வார். அப்புறம் குழல் மேலே பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்து, விசைக்குப் பக்கத்திலுள்ள சின்னப் பொத்தானை அழுத்துவார். முன்பிடி தன் எடையாலேயே சறுக்கிக்கொண்டு கீழே இறங்கவேண்டும். அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "கேட்டியா? நூறு வருஷத்துக்கு முன்னாடி எவனோ அரத்தை வச்சுத் தேய்ச்சிருக்கான், வெண்ணெய் மாதிரி" என்பார். சில்விக்குக் கதவுத் தாழ்ப்பாள் சத்தம்தான் கேட்கும். ஆனாலும் தலையாட்டுவாள்.

கனமான துப்பாக்கியோடு வருகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பரிதாபம். "நாள் பூராவும் நடக்குறோம், நாலு தடவை சுடுறோம். அதுக்கு எதுக்குப்பா இரும்புக் கடையைத் தூக்கிட்டு வர்ற?"

இந்த லேசுக்கு ஒரு விலை உண்டு. குழலின் சுவர் மெல்லியது. அதிலும் அந்தக் காலத்துத் தோட்டா இன்றைக்கு வருவதை விடக் கொஞ்சம் குட்டை. அறையும் அதற்கேற்பக் குட்டை. இன்றைய தோட்டா அதற்குள் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். வெடிக்கும்போதுதான் வாய் விரிய இடமில்லாமல் முட்டும். பத்துத் தடவை ஒன்றும் ஆகாமல் போகலாம். பதினோராவது தடவை மெல்லிய குழல் முகத்துக்கு நேரே பிளந்தும் போகலாம், யார் கண்டது. ஆர்விட்டின் தூக்கத்தைக் கெடுத்தது அந்தப் பதினோராவதுதான்.

அதற்காகவே பித்தளைத் தகடு ஒன்றை அராவி, குறுக்கே ஒரு கோடு போட்டு, சட்டைப் பையில் வைத்திருந்தார். குழலின் பின்வாய்க்குள் விட்டால் கோடு உள்ளே மறையவேண்டும். மறையாவிட்டால் அறை குட்டை.

ஒரே அச்சில் வார்த்ததுபோல இரண்டு துப்பாக்கிகள் அவரிடம் இருந்தன. ஒன்றின் அறையைப் பட்டறையில் கொடுத்து நீளமாகக் கடைந்து வாங்கி, அடையாளத்துக்கு அதன் விசையைச் சுற்றியுள்ள வளையத்தில் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருந்தார். மற்றது பிறந்தபடியே இருந்தது.

தபால் கொண்டுவரும் ஜோவன் போன குளிர்காலத்தில் பனியில் சறுக்கித் தோளை உடைத்துக்கொண்டாள். அறுவை சிகிச்சைக்குப் பின் அவளுடைய அப்பாவின் எட்டுப் பவுண்டுத் துப்பாக்கியைத் தூக்க முடியவில்லை. "இந்த வருஷம் கௌதாரி வேட்டை இல்ல. நாயை யாருக்காவது குடுத்துடணும், பாவம் அது ஏங்கிப்போகுது" என்று ஆர்விட்டின் வாசலில் நின்று சொன்னாள். அன்று மத்தியானமே இரண்டு துப்பாக்கிகளையும் மேசையில் செய்தித்தாள் விரித்துப் பிரித்துப்போட்டார். கால் சுற்றுத் திருகினால் போதும், குழல் தனி, உடல் தனி. துடைத்து, எண்ணெய் போட்டு, சிவப்பு நூல் கட்டியதை ஒரு பழைய போர்வையில் சுற்றினார். இன்றைய தோட்டா இரண்டு பெட்டி வாங்கிச் சேர்த்துக் கொடுத்தார். ஜோவன் அதைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு அழுதாள்.

வேட்டை தொடங்கும் நாள் காலை ஆறு மணிக்கு, இன்னொன்றைத் தனக்காகப் பிரித்தார். அது குட்டை அறை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், வழக்கத்தை விடாமல் தகட்டைக் குழலுக்குள் விட்டார்.

கோடு உள்ளே மறைந்தது.

வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி விட்டார். மறுபடியும் மறைந்தது.

"சில்வி, அன்னிக்கு நான் இதையெல்லாம் பிரிச்சுப் போட்டிருந்தப்போ யாரு வந்தது?"

"நார்மா. பூசணிப் பணியாரத்தோட வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினாளே."

"ரெண்டு குழலும் பேப்பர் மேல கிடந்துச்சு." அவர் குரல் இறங்கிவிட்டது. "நான் மாத்தி மாட்டியிருக்கேன், நூலை நம்பித் தகடு விட்டுப் பார்க்கல. நூலு அவகிட்ட இருக்கு. குட்டைக் குழலும் அவகிட்டதான் இருக்கு."

சில்வி ஜோவனுக்குத் தொலைபேசி போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜோவன் ஆறரைக்கெல்லாம் நாயை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். காட்டுக்குள் போய்விட்டால் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அவர்களுடைய வண்டியோ முந்தாநாளிலிருந்து பழுது பார்க்கும் இடத்தில் கிடந்தது. குறுக்கே வயலில் இறங்கினால் பிரதான சாலைக்கு அரை மைல். ஜோவன் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

"மணி என்ன?"

"ஆறே கால். ஆர்விட், உன் இடுப்பு…"

இடுப்பு மூட்டை மாற்றி வைத்ததிலிருந்து தபால்பெட்டி வரைகூடக் கைத்தடி இல்லாமல் போகாதவர், வீட்டுச் செருப்போடு கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். பித்தளைத் தகடு கைக்குள் இருந்தது. மூடுபனியில் நாலு எட்டு வைத்தவர் நின்று, வேகமாகத் திரும்பி வந்தார். கைத்தடிக்குத்தான் வருகிறார் என்று நினைத்துச் சில்வி அதை ஆணியிலிருந்து எடுத்து நீட்டினாள்.

அவர் அதைத் தாண்டி மேசைக்குப் போனார். உடலை விட்டுக் கழன்று தனியாகக் கிடந்த வெறுங்குழல் அது. அதன் பின்வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு போனார்.