ஓர் அகப்பைத் தொய்யக்கீரை

அப்பா செத்த வருஷம் அம்மாவும் நானும் பெருமாட்டி ஊருக்குப் பக்கத்தில் மாமன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மாமன் அம்மாவுக்கு அண்ணன். தென்னந்தோப்பும் கடலைக்காடும் அவருடையவை, வீடு அத்தையுடையது. எங்களுக்கு இரண்டு வேளையும் ராகிக் களி கிடைத்தது. தொட்டுக்கொள்ள உப்புக்கல்.

மழை விழுந்ததும் கடலைக்காட்டில் தொய்யக்கீரை தானாக முளைத்தது. களை எடுக்கிறவர்கள் பிடுங்கி வரப்பில் எறிந்ததை அம்மா பொறுக்கி வந்தாள். கொழுந்தை மட்டும் கிள்ளி, சின்ன வெங்காயமும் வரமிளகாயும் போட்டு மண்சட்டியில் வேகவைத்து மத்தால் கடைந்தாள். அந்த வாசனைக்கு மாமனே சமையல்கட்டுக்கு எழுந்து வந்துவிட்டார். தட்டை வழித்துத் தின்றுவிட்டு, "நம்மூட்டுல ஒருநாளும் இப்படிக் கீரை திங்கலையே அம்மிணி" என்றார். அத்தை பக்கத்தில்தான் நின்றாள்.

மறுநாள் அவள் அம்மாவிடம், "உங்கண்ணனுக்குப் புடிச்சுப்போச்சல்லொ. இனி தெனமும் நீயே கடைஞ்சு வெச்சுரு" என்றாள். அம்மா அன்று ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பறித்தாள். ஆனால் கடைந்த சட்டியை அத்தை தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அவளும் மாமனும் தின்றது போக மிச்சம் எருமையின் கழுநீர்த் தொட்டிக்குப் போனது. எங்களுக்கு மறுபடியும் உப்புக்கல். மாமன் தலை நிமிராமல் தின்றார்.

ஒருநாள் அம்மா ஓர் அகப்பைக் கீரையைச் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். எனக்குத்தான். விறகெடுக்க வந்த அத்தையின் கையில் அது அகப்பட்டது.

"இத ஆரு வெச்சது?"

அம்மா என்னைப் பார்த்தாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவார்கள். "புள்ளை எடுத்து வெச்சிருக்குமாட்ட இருக்குதுங்க நங்கை" என்றாள்.

"திருட்டுப் புள்ளையப் பெத்துப்போட்டு சும்மா நிக்கறே? நாளைக்கே ரெண்டு பேரும் எங்காச்சும் போய்க்குங்க."

அம்மா கீரை ஒட்டியிருந்த மத்தை எடுத்தாள். என் வலது கையைத் தரையில் வைக்கச் சொன்னாள். அடித்தாள். நானில்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பிறகு யார் என்ற கேள்வி வரும். அத்தை கைகட்டி நின்று பார்த்தாள். அவள் போதும் என்கிற வரைக்கும் அம்மா நிறுத்தவில்லை. வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த மாமன், "என்ன அங்க சத்தம்?" என்று கேட்டார். மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் காலை காட்டுக்குப் போனோம். என் விரல்கள் வீங்கி மடங்கவில்லை. கீரையை அம்மாவே கிள்ளினாள். கூடையை என் இடது கையில் மாட்டிவிட்டாள். வழியில் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் முன்னால் நடந்துகொண்டே இருந்தாள்.

மத்தியானம் அத்தை என்றுமில்லாமல் என் தட்டில் கீரை ஊற்றினாள். "இனிக் கேட்டு வாங்கித் தின்னோணும், தெரிஞ்சுதா?"

"வாங்கிக்கோ சாமி. அத்தை குடுக்கறாங்கல்லொ" என்றாள் அம்மா. அவள் குரலில் நிஜமாகவே நன்றி இருந்தது.

நான் இடது கையால் களியைப் பிட்டேன்.

"சோத்தாங்கையில தின்னு" என்றாள் அத்தை.

"சோத்தாங்கையில தின்னு சாமி" என்றாள் அம்மாவும்.