பதினாலு புள்ளி நாலு

கண்ணை மூடிக்கொண்டு பேட்டரியின் விலாவைத் தடவிக்கொண்டிருக்கிறார் பாட்டுக்கார மெக்கானிக். கார்களுக்கு ஸ்பீக்கர், ஆம்ப், அடிச்சத்தத்தை அதிரவைக்கும் வூஃபர் பூட்டுவது தொழில், அதனால் அந்தப் பெயர். மற்றபடி அவர் ஒரு வரி பாடி யாரும் கேட்டதில்லை. விலா உப்பியிருக்கிறதா என்று கை பார்க்கும், வாடை வருகிறதா என்று மூக்கு பார்க்கும், அப்புறம்தான் மீட்டர்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு ஏறும் சார்ஜ் பதினாலு புள்ளி நாலு வோல்ட். அதற்குமேல் ஓர் இழை கூட்டமாட்டார். வூஃபர் அடியில் நெஞ்சு அதிரவேண்டும், பதினைந்தரை வையுங்கள் என்று யார் கெஞ்சினாலும் ஒரே பதில்தான்.

"பாட்டு உங்களுக்கு, வயித்து உப்புசம் பேட்டரிக்கா சார்? உள்ள கொதிச்சு வர்ற வாயுவை நீங்கதான் மோந்தாகணும்!"

இவ்வளவு கறாரான மனிதர் தன் காரில் மட்டும் பதினைந்தைத் தாண்டி வைத்திருந்தார். காரணம், பின் சீட்டில் உட்காரும் மனைவி. சில வருடங்களாக அவளுக்குக் காது மங்கிக்கொண்டே வருகிறது. பேச்சை உதட்டில் படிப்பாள். பாட்டை முதுகில் கேட்பாள்.

மாலையில் ஆற்றோரச் சாலையில் மெதுவாக ஓட்டுவார். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் ஏறி வழிந்து இறங்கும். வூஃபரின் அதிர்வில் அவள் கண் செருகிக் கிடப்பாள். கார் ஓடுகிறதா மிதக்கிறதா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

போன வாரம் அந்த மிதப்பில் அழுகிய முட்டை வாடை அடித்தது. டிக்கியில் வூஃபருக்காக வைத்திருந்த இரண்டாவது பேட்டரி அடுப்பாகச் சுட்டது. அவள் முதுகுக்கு ஒரு சாண் பின்னால்.  பேட்டரியை மாற்றி, சார்ஜை அளந்துவிடும் ரெகுலேட்டரின் குட்டித் திருகைத் திருப்பி, ஊராருக்கு வைக்கும் அதே அளவுக்கு இறக்கினார். வீட்டில் மூச்சு விடவில்லை.

மறுநாள் பாதி வழியில் அவள் கண் திறந்தாள்.

"என்னங்க, பாட்டு பக்கத்துத் தெருவுக்குக் குடி போயிடுச்சா?"

காரை ஓரம்கட்டித் திரும்பினார், உதடு தெரியும்படி.

"நான்தான் கொறைச்சேன். உன் முதுகுக்குப் பின்னால வெடிச்சா நான் என்ன பண்ணுவேன்?"

குரல் உடைந்தது அவளுக்குக் கேட்கவில்லை. முகம் உடைந்தது தெரிந்தது.

"காது போனது எனக்கு, புத்தி எங்கங்க போச்சு உங்களுக்கு? முன்னாடியே கொறைச்சிருக்கலாம்ல?"

திட்டிக்கொண்டே பின் சீட்டில் ஒரு பக்கத்தை மடக்கித் தள்ளி, வூஃபர் பெட்டியை ஒட்டி உட்கார்ந்து கன்னத்தை அதில் பதித்தாள். அவர் இறங்கி வந்து பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டார். பெட்டி அதிர்ந்துகொண்டிருந்தது; அவள் கண்ணை மூடினாள். பிறகு, கண்ணைத் திறக்காமலே, அவர் முழங்காலில் ஒற்றை விரலால் தாளம் போடத் தொடங்கினாள்.