கேற்றில் கட்டிய வயர்

என் போர்க்கால நாட்குறிப்பில் ஒரு செவ்வாய்க்கிழமையின் கீழ், ‘கொட்டாஞ்சேனைத் தகரவேலைக்காரர் மோட்டர் பூட்டினார்’ என்றிருக்கிறது.

மெலிந்த மனிதர். தகரம் உருட்டும் கைமெஷினைச் சுழற்றும்போது இடையிடையே நிறுத்தி, வாசல் கேற்றுப் பக்கம் காது கொடுப்பார். சோதனைக்கு வரும் இராணுவத்தினர் தட்டியதும் திறக்காவிட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம்.

தோள்வலி தாங்காமல்தான் கைப்பிடியைக் கழற்றி, பழைய வாஷிங் மெஷின் மோட்டரைப் பெல்ட் போட்டு இணைத்திருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வாளி வாங்கப் போனபோது அது இரைந்துகொண்டிருந்தது. கேற்றிலிருந்து மேசைமேல் இருந்த பல்ப்வரை ஒரு வயர் ஓடியது.

“இந்தச் சத்தத்தில தட்டுறது கேக்காது, மாஸ்டர். கேற்றைத் திறந்தா இந்த பல்ப் எரியும்,” என்றார் பெருமையாக.

உள்ளேயிருந்து மனைவி கத்தினார்: “கேற்றில வயரைக் கண்டா ஆமிக்காரன் பல்ப் எண்டோ நினைப்பான்? குண்டு எண்டுதான் நினைப்பான்!”

அவர் கேற்றை ஒரு தடவை பார்த்தார். மோட்டரை நிறுத்தினார், வயரைப் பிடுங்கிச் சுருட்டினார், கைப்பிடியை எடுத்து மறுபடி பூட்டத் தொடங்கினார்.

“அப்ப தோள்?” என்று கேட்டேன்.

“நோகட்டும் மாஸ்டர். வீட்டில இருந்துகொண்டு நோகட்டும்.”

அடுத்த முறை போனபோது பட்டறை பூட்டியிருந்தது. வத்தளைக்கு மாறிவிட்டார் என்றார் ஒருவர். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார் இன்னொருவர். எது உண்மையென்று இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.