தொட்டி மேல் நான் செய்த காரியம்

எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்துக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது தண்ணீரின் புகைப்படம்தான். வாளியில் பிடித்து, வெயிலில் வைத்து, கலங்கல் நன்றாகத் தெரியும்படி எடுத்திருப்பார்கள். இதைக் குடித்தால் என்ன ஆகும் என்று கீழே யாராவது கேட்டிருப்பார்கள். குழுவில் எனக்குக் கோமாளி என்று பெயர். எந்தப் புகாருக்கும் நாலு சிரிப்புப் பொம்மையாவது போட்டுவிடுவேன். அந்தப் படத்துக்கு மட்டும் போடுவதில்லை. மஞ்சளாகத் தண்ணீரைக் கண்டால் ஐம்பதைத் தொடப்போகிற இந்த வயதிலும் எனக்கு அடிவயிறு கூசும். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பாதிவரைக்கும் சிரிக்கலாம், தப்பில்லை.

பாளையங்கோட்டைக்குத் தெற்கே வயலை மேடாக்கி வீடு கட்டிய காலனிகளில் ஒன்று எங்களுடையது. நான் சிறுவனாக இருந்தபோது நகராட்சிக் குழாய் எங்களுக்கு முந்தைய தெருவோடு நின்றுபோயிருந்தது. அதனால் காலனிக்காரர்களே நலச்சங்கம் வைத்து, கால்வாய் ஓரத்தில் கிணறு வெட்டி, நாலு காலில் ஒரு தொட்டி கட்டி, தெருவுக்கு ஒரு குழாய் போட்டிருந்தார்கள். சங்கத்தின் செயலாளர் என் அப்பா. மோட்டார் போடுவது, குழாய் பொருத்துவது, ஒழுகினால் கட்டுவது எல்லாவற்றுக்கும் சங்கம் சம்பளத்துக்கு வைத்திருந்த ஒரே ஆள் இன்னொருவர். அவரைத் தொட்டிக்கார அண்ணாச்சி என்போம்.

நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், ஒரு மத்தியான நேரம், நான் அந்தத் தொட்டி மேல் ஏறினேன். மேலே நின்றால் ஆறு தெரியும், டவுன் கோபுரம் தெரியும் என்று பள்ளியில் ஒருவன் சொல்லியிருந்தான். ஏறும்போது வீரன்தான். இரும்பு ஏணியின் கடைசிப் படியைத் தாண்டி, கொதிக்கிற சிமெண்ட் தளத்தில் கால் வைத்ததும் தூரத்தில் என்னவோ மினுங்கியது. ஆறாகவும் இருக்கலாம், யார் வீட்டுத் தகரக் கூரையாகவும் இருக்கலாம். அதை முடிவு செய்வதற்குள் கீழே பார்த்துத் தொலைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததை வீரம் என்று யாரும் சொல்ல முடியாது. தளத்தின் நடுவே போய்ப் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டேன். பயம் வந்தால் எனக்கு முதலில் கலங்குவது மூத்திரப்பைதான். இன்றைக்கும் பல் டாக்டர் வீட்டு வாசலில் அதே கதை. விளிம்புக்குப் போய் வேலையை முடிக்கலாம் என்றால் விளிம்புக்குப் போவதைவிடச் சாவதே மேல் என்று தோன்றியது. விளிம்புக்குப் போகாமல் கைக்கெட்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தொட்டியைக் கழுவ ஆள் இறங்குகிற துவாரம். அதன் மேல் ஒரு துண்டுத் தகரம் கிடந்தது. நகர்த்தினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு காரியத்தை முடித்தேன். சாமிக்குப் பயந்து மூடவில்லை, உயரத்துக்குப் பயந்துதான்.

பிறகு ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

"ஏலே, யாருலே அது? அங்கன என்னலே செய்யுத?"

எதிர்வீட்டு அக்காவின் குரல். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வளைகாப்பு வளையல்கள் முழங்கைவரை ஏறியிருந்தன. தெருக்குழாயில் தண்ணீர் வராத நேரமாதலால் இடுப்பில் குடத்தோடு தொட்டியடிக் குழாய்க்கு வந்தவள் அண்ணாந்து நின்றாள்.

"எக்கா, எறங்க முடியல."

"ஏறத் தெரிஞ்சுதுல்லா? எறங்க மட்டும் தெரியலயாக்கும். சரி, கத்தாத. திரும்பிக்கோ. என்னையப் பாக்காத, கம்பியப் பாரு. கால விடு. பைய... இன்னொண்ணு... விழுந்து தொலச்சிராத, ஒன்னயும் சேத்துப் பிடிக்க எங்கிட்ட எடமில்ல. ஏற்கெனவே ஒருத்தன வயித்துல பிடிச்சிக்கிட்டு நிக்கேன்."

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவள் ஒவ்வொரு படியாக எண்ணி என்னை இறக்கினாள். தரையைத் தொட்டதும் குழாயைத் திறந்து என் முகத்தைக் கழுவிவிட்டாள். பிறகு, அந்த வெயிலில் அவளுக்கும் தவித்திருக்க வேண்டும், அதே குழாயில் இரண்டு கை ஏந்திக் குடித்தாள்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"ஒனக்கும் தாகமா?" என்று என் வாயிலும் ஒரு கை ஊற்றினாள். மடக்கென்று விழுங்கினேன். வேறென்ன செய்ய?

"ஒங்கப்பாட்ட சொல்ல மாட்டேன், ஓடு" என்றாள். கடைசிவரை சொல்லவுமில்லை.

நானும் அதை மறந்துவிட்டேன். பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள் போயிருக்கும். தெருக்கோடி வீட்டில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை என்றார்கள். பிறகு பக்கத்து வீட்டில் இருவருக்கு. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது: "எதுத்த வீட்டுப் பிள்ளைக்கும் வந்துட்டு. கண்ணெல்லாம் மஞ்சளாயிட்டு. ஒண்ணுக்குக் கூட மஞ்ச மஞ்சளாப் போவுதாம்."

கையிலிருந்த உருண்டை வாய்க்குப் போகவில்லை. வைத்தியம் படித்தவர்கள்கூட அவ்வளவு வேகமாக நோயின் மூலத்தைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். தொட்டிக்குள் போனது மஞ்சள். எல்லோர் வயிற்றிலும் போய்க் கண்ணில் வந்து நிற்பதும் மஞ்சள். நானும்தானே அதைக் குடித்தேன், எனக்கு ஏன் வரவில்லை? அதற்கும் பதில் வைத்திருந்தேன்: என்னுடையது என்னை எப்படிப் பாதிக்கும்? அவரவர் எச்சிலை அவரவர் விழுங்கத்தானே செய்கிறோம். அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் வீட்டுக் கண்ணாடியில் என் கண்ணை நானே இழுத்து இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது. குற்றவாளியின் கண்தான் எப்போதும் தெளிவாக இருக்கும் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

காமாலைக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது என்பது எங்கள் தெருவில் டாக்டர் யாரையும் கேட்காமலே முடிவாகியிருந்த விஷயம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பார்கள். உப்பு, எண்ணெய், மஞ்சள்பொடி மூன்றையும் நிறுத்திவிடுவார்கள். அதோடு ஆற்றுக்கு அக்கரையில் ஒருவரிடம் போய், மூன்று காலை வெறும் வயிற்றோடு கையில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரவேண்டும். அக்காவின் அம்மாவை நான் அத்தை என்பேன். அவர்கள் வீட்டில் ஆண்கள் இல்லை. ஆட்டோவில் ஆம்பிளைத் துணை வேண்டும் என்று அத்தை என்னை அனுப்பச் சொன்னாள். ஒன்பது வயது ஆம்பிளை, கொலைகாரன் வேறு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

அவர் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை அக்கா முன் வைத்தார். என்னவோ பச்சிலையை இரு கையிலும் தேய்த்தார். சுண்ணாம்பு கரைத்த தண்ணீரை மெல்ல ஊற்றினார். கையிலிருந்து வடிந்த தண்ணீர் தாம்பாளத்தில் விழுந்தபோது மஞ்சளாக இருந்தது. நல்ல மஞ்சள்.

"எறங்குது பாத்தியளா?" என்றார் அவர் பெருமையாக.

அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கோ, நான் தொட்டிக்குள் விட்டது சொட்டுச் சொட்டாகத் திரும்பி வந்து தாம்பாளத்தில் நின்று என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. வாய்விட்டு அழுதேன்.

அக்கா சோர்ந்து போயிருந்தாள். இருந்தும் சிரித்தாள். "எனக்குத்தாம்லே எறங்குது, நீ எதுக்கு அழுவுத? வயித்துல இருக்கவன் பயந்துரப் போறான்."

இரண்டாம் நாளும் மஞ்சள். மூன்றாம் நாளும் மஞ்சள். முழுசும் இறங்கிவிட்டது என்றார் அவர். அத்தை அவருக்கு வேட்டியும் தேங்காயும் வைத்துக் கொடுத்தாள். நான் மட்டும் நம்பவில்லை. அக்காவின் கண் அப்படியேதான் இருந்தது. எப்படி மாறும்? மருந்து ஒரு பக்கம் இறக்க இறக்க, தொட்டி மறுபக்கம் ஏற்றிக்கொண்டிருக்கிறதே! அவள் வீட்டில் இன்னமும் அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள்!

ஆகவே நான் காலனியைக் காப்பாற்ற முடிவு செய்தேன். சாயங்காலம் பள்ளி விட்டு வந்து, தொட்டியின் அடியில் கழுவி விடுவதற்காக வைத்திருந்த குழாயின் சக்கரத்தை இரண்டு கையாலும் தொங்கித் திறந்தேன். குபுகுபுவென்று தண்ணீர் பாய்ந்து வயலுக்குப் போயிற்று. ஒரு சொட்டு மிச்சமில்லாமல் போகும்வரை வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பாவமெல்லாம் கழுவிப் போகிறது என்ற திருப்தியோடு வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன்.

அன்று கரண்டும் போயிற்று. மறுநாள் சாயங்காலம்தான் வந்தது. மோட்டார் ஓடவில்லை. காலனியே குடத்தோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

"வே, செயலாளரே! தொட்டியக் காத்துவாக்குல விட்டுட்டு நீரு அங்கன என்னவே லெட்டர் எழுதிக்கிட்டிருக்கீரு?" என்றார் கோடிவீட்டுக்காரர்.

"எந்த மூதி தொறந்து விட்டுதோ, அந்தக் கை வெளங்காமப் போவும், பாத்துக்கிட்டே இரிங்க" என்றாள் ஒருத்தி. அந்த வாரம் முழுவதும் என் வலது கை மரத்துப் போனது. நிஜமாகவே மரத்தது. கணக்கு வீட்டுப்பாடத்தை இடது கையால் எழுதி, அதற்கு வேறு அடி வாங்கினேன்.

அக்காவுக்குக் குறையவில்லை. பேச்சு குழறியது. பகலெல்லாம் தூங்கினாள். எழுப்பினால் யார் என்று தெரியாமல் பார்த்தாள். தொட்டி மேல் நின்ற என்னைப் படிப்படியாக எண்ணி இறக்கியவள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த என்னை "யாரு பிள்ள இது?" என்று அத்தையிடம் கேட்டாள். அதற்கப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர், ஒரு வாரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று கேட்டாராம். இரண்டு நாள் கழித்து அம்மா அழுதுகொண்டே வீட்டுக்குள் வந்தாள். அக்கா இல்லை. வயிற்றிலிருந்ததும் இல்லை.

இங்கேதான் பாதி முடிகிறது.

அக்காவின் காரியம் முடிந்த மறுநாள் காலை, பள்ளிக்குப் போகும்போது தெருமுனையில் அப்பாவும் தொட்டிக்கார அண்ணாச்சியும் சாக்கடை மேலிருந்த கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா அலுவலக உடுப்போடு, மண்ணில் முழங்காலை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தார். சாக்கடை அடைத்திருக்கும் என்று நினைத்தேன். நின்று பார்க்க எனக்கு நேரமில்லை, என் கவலை எனக்கு.

அன்று சாயங்காலம் பொறுக்க முடியவில்லை. தொட்டியடியில் சங்கத்துக்கென்று ஒரு தகரக் கொட்டகை உண்டு. அப்பா அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் சங்கத்தின் தீர்மான நோட்டு திறந்திருந்தது. பேனா மூடியிருந்தது. அடி விழும், பெல்ட்டா செருப்பா என்பதுதான் தெரியாது என்ற முடிவோடு முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, அக்கா செத்துப் போனது என்னாலதான்."

அவர் நிமிர்ந்தார். ஏணி, தகரம், துவாரம், அவள் குடித்த இரண்டு கை, தொட்டியைத் திறந்துவிட்டது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். விக்கல் எடுத்தது. அப்பா கையை ஓங்கவில்லை. பிறகு எழுந்து கொட்டகைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"வேற யார்ட்டயாது சொன்னியால?"

"இல்ல."

"அம்மாட்ட?"

"இல்லப்பா."

"சொல்லாத. யாரு கேட்டாலும் வாயத் தெறக்காத. என்ன?"

துண்டால் என் மூக்கைத் துடைத்தார். கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப்போய்க் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். சிவப்புக் கலர். இவ்வளவு பெரிய குற்றத்தை மறைத்துக் காப்பாற்றும் அப்பா வேறு எவனுக்குக் கிடைப்பார் என்று பாட்டிலைப் பிடித்தபடி நினைத்தேன். அடுத்த வாரம் எங்கள் தெருவுக்கு வரும் குழாயை மாற்றினார்கள். புதிய தண்ணீர், புதிய குழாய். என் கறையைத்தான் மாற்றுகிறார்கள் என்று அதற்கும் அர்த்தம் வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் வகுப்புப் பாடம், மூத்திரத்தால் காமாலை வராது என்று சொல்லிக் கொடுத்தது. அதை முழுதாக நம்ப எனக்கு இன்னும் நாலைந்து வருடம் ஆனது. அப்பா போன பிறகு, துஷ்டி கேட்க வந்த தொட்டிக்கார அண்ணாச்சிதான் மிச்சத்தைச் சொன்னார். எங்கள் தெருக்குழாயைச் சுற்றிக் கொண்டுபோனால் ரோட்டை உடைக்க வேண்டும். சங்கத்தின் ஆண்டுவிழாவுக்குள் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்தாக வேண்டும். ஆகவே குழாயைச் சாக்கடைக்குள்ளேயே போட்டு, இணைப்பில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டச் சொல்லியிருக்கிறார் அப்பா. "வேண்டாம் அண்ணாச்சின்னு ஒங்கப்பாட்ட நான் சொன்னேன். இப்போதைக்குக் கட்டு, பெறவு பாப்போம்னாரு. கல்லப் புரட்டுனா டியூபு அழுகி நாறிக் கெடக்கு. கொழாய்க்குள்ள சாக்கடத் தண்ணி போயிக்கிட்டு இருக்கு. ஒங்கப்பா அப்படியே உக்காந்துட்டாரு."

ஆக, நான் கொட்டகைக்குள் போய் நின்ற சாயங்காலம், அவருக்கு எல்லாம் தெரியும். 'அதனால இல்லல' என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லியிருந்தால், பிறகு எதனால் என்று நான் கேட்டிருப்பேன்.

அன்று நான் கலரைக் குடித்து முடித்தபோது, என் தோளில் கை போட்டிருந்த அப்பா கடைக்கு வந்து போகிறவர்களை எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் இப்படிப் பயப்படுகிறார் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"பயப்படாதீங்கப்பா, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று அவருக்குத் தைரியம் சொன்னேன்.

அவர் சரியென்று தலையை ஆட்டினார்.